கோல் பிடிக்காதவர்கள் நடத்தும் இசைக்குழு

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தபோது, தமிழ்நாட்டில் சிம்பொனியைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இல்லை. அந்தக் குழுவில் வாசித்தவர்களுக்கு இசைதான் பிழைப்பு. ஆனால் அதே லண்டனிலும், பிரிட்டன், அமெரிக்காவின் சிறு நகரங்களிலும் வேறொரு வகை சிம்பொனிக் குழுக்கள் இருக்கின்றன. பள்ளி ஆசிரியர், பல் மருத்துவர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கல்லூரி மாணவி எனப் பலரும் வாரத்தில் ஒரு மாலை ஏதாவதொரு பள்ளி அரங்கிலோ தேவாலயக் கூடத்திலோ கூடி பிராம்ஸையும் துவோர்ஷாக்கையும் ஒத்திகை பார்க்கிறார்கள். ஆண்டுக்குச் சில கச்சேரிகள். வாசிப்பதற்குக் காசு கிடையாது. பெரும்பாலான குழுக்களில் வாசிப்பவர்களே சந்தா கட்டுகிறார்கள்.

இந்தக் குழுக்களைப் பற்றி யார் எழுதினாலும் கையில் கோலுடன் மேடையில் நிற்கும் இசை நடத்துநரைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன்னார்வ இசைக்குழுவின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் செயற்குழு. தலைவர், செயலாளர், பொருளாளர், இசைத்தாள்களைப் பாதுகாக்கும் நூலகர் என்று சம்பளமில்லாமல் பொறுப்பேற்றிருக்கும் ஐந்தாறு பேர். அவர்களில் பலர் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். கைதட்டலின்போது நடத்துநர் எழுந்து நிற்கச் சொல்லிக் கை காட்டும் ஆட்களில் அவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

அவர்கள் செய்யும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெளியே தெரிவதே இல்லை. கச்சேரிக்கான அரங்கை ஓராண்டு முன்பே பிடித்தாக வேண்டும். டிம்பனி முரசுகளை ஏற்ற வேன் வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும். பீத்தோவனுக்கு இசைத்தாள்கள் சுலபம். 2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்திலிருந்தே இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். 1975இல் இறந்த ஷோஸ்தகோவிச்சை வாசிக்க நினைத்தால் பிரிட்டனில் இன்னும் காப்புரிமை இருக்கிறது. பதிப்பாளரிடம் தாள்களை வாடகைக்கு எடுக்க வேண்டும், கச்சேரி முடிந்ததும் ஒவ்வொருவரும் பென்சிலால் எழுதிய குறிப்புகளை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், தொலைந்த தாளுக்குப் பணம் கட்ட வேண்டும். இதையெல்லாம் நூலகர் பார்க்கிறார். கச்சேரி நாள் மதியம் இரண்டாம் ஓபோக்காரருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், மாலைக்குள் வேறொருவரைத் தேடிப் பிடிப்பது செயலாளரின் தலையில் விழுகிறது. காப்பீடு, நுழைவுச்சீட்டு, நிகழ்ச்சிக் கையேடு, இடைவேளைத் தேநீர் எல்லாவற்றிற்கும் ஆள் தேவை. அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் இரவு பத்து மணிக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் இவர்கள்.

இந்த அமைப்பில் ஒரு வினோதமான முடிச்சு இருக்கிறது. குழுவில் ஊதியம் பெறுபவர் பெரும்பாலும் நடத்துநர் ஒருவர்தான். அவரை நியமிப்பதும், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும், தொகையை முடிவு செய்வதும் செயற்குழு. ஒத்திகையின்போது ‘அந்த இடத்தில் சுருதி போகிறது, மறுபடி வாசியுங்கள்’ என்று அவர் கண்டிப்பது தன்னை வேலைக்கு வைத்தவர்களையே. ஒரே வாரத்தில் இரண்டு மாலைகள்: ஒத்திகை, செயற்குழுக் கூட்டம். ஒன்றில் அவர் சொல்வதை இவர்கள் கேட்கிறார்கள், மற்றதில் இவர்கள் கேட்பதற்கு அவர் பதில் சொல்கிறார். இரு தரப்பும் எந்த மாலையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை மறக்காத வரைக்கும் குழு நன்றாக ஓடும். நடத்துநரின் புகழில் மயங்கிப் பணப்பெட்டியின் சாவியையும் அவரிடம் கொடுத்துவிடும் செயற்குழு, பிற்பாடு அவரைக் கேள்வி கேட்க முடியாமல் தவிக்கும். மேடையில் அவர் முடிவெடுக்கும் ஒவ்வொரு நுணுக்கத்திலும் தலையிடும் செயற்குழுவோ நல்ல நடத்துநரை விரட்டிவிடும்.

எந்தப் படைப்பை வாசிப்பது என்பதில்தான் இந்த முடிச்சு மிகவும் இறுகும். கேட்பவர்களுக்கு அது ரசனையின் தேர்வாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஆட்களைத் தக்கவைப்பது பற்றிய கணக்கு. மொஸார்ட்டின் சிம்பொனிகளில் டிரம்போனுக்கு வேலையே இல்லை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலும் பிராம்ஸின் முதல் சிம்பொனியிலும் டிரம்போன்கள் கடைசிப் பகுதியில்தான் வாய் திறக்கின்றன. துவோர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியில் டியூபா இரண்டாம் பகுதியில் சில சுரங்களோடு முடிந்துவிடும். தொழில்முறைக் கலைஞர் மௌனமாக உட்கார்ந்திருப்பதற்கும் சம்பளம் உண்டு. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பனிக்கால இரவில் பேருந்து பிடித்து வந்து, ஒன்றரை மணி நேரம் ஓய்வுக் குறிகளை எண்ணிக்கொண்டிருக்கும் தன்னார்வலர் எத்தனை வாரம் வருவார்? அவர் போய்விட்டால் அடுத்த பருவத்தில் சைக்கோவ்ஸ்கியை வாசிக்க டிரம்போன் இருக்காது. ஆகவே இசைத் தேர்வில் செயற்குழுவுக்கு உறுதியான குரல் வேண்டும் என்கிறேன். நடத்துநர் கச்சேரியை நினைக்கிறார். இரண்டு ஆண்டுகள் தள்ளி நாற்காலிகள் நிரம்பியிருக்குமா என்று நினைக்க வேறு ஆட்கள் வேண்டும்.

சொல்லுக்கு மதிப்பிருப்பது இசைஞருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தொழில்முறை உலகிலிருந்தே சான்று இருக்கிறது. ஹார்வர்டின் ரிச்சர்ட் ஹாக்மனும் அவருடைய சகாக்களும் நான்கு நாடுகளின் 78 தொழில்முறை இசைக்குழுக்களை ஆராய்ந்தார்கள். தாங்கள் முன்பே ஆய்வு செய்திருந்த பிற தொழில்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வேலையில் திருப்தி என்ற அளவுகோலில் சிம்பொனிக் கலைஞர்கள் சிறைக் காவலர்களுக்கும் ஒரு படி கீழே இருந்தார்கள். அதேசமயம் உள்ளார்ந்த ஊக்கத்தில் அவர்கள்தான் முதலிடம். தங்கள் உழைப்பு எப்படிப் பயன்பட வேண்டும் என்பதில் குரல் இல்லாதபோது அவ்வளவு ஊக்கமும் கசந்துபோகிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். சம்பளம் இருந்தும் இந்த நிலை. சம்பளமே இல்லாத குழுவில் குரலையும் பறித்துவிட்டால் மிஞ்சுவது வெற்று நாற்காலிகள்.

குரல் கொடுப்பதால் வரும் சங்கடமும் உண்டு. நாற்பது ஆண்டுகள் வாசித்த ஒருவருக்கு விரல்கள் மடங்க மறுக்கின்றன. செல்லோவில் அவருடைய சுருதி விலகுவதை எல்லாரும் கேட்கிறார்கள், யாரும் சொல்வதில்லை. ஊதியம் வாங்கும் குழுவில் இதற்கு ஒப்பந்தம் வழி சொல்லும். இங்கே அவர் செயற்குழுத் தலைவரின் பழைய நண்பராக இருப்பார், குழுவின் முதல் கச்சேரியிலிருந்து இருப்பவராகவும் இருக்கலாம். சில குழுக்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாரையும் மறுதேர்வு செய்கின்றன. சில குழுக்கள் தேர்வே வைப்பதில்லை. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கின்றன. இரண்டுமே நேர்மையான வழிகள்தான், முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால். எழுதாமல் விட்டு, பிரச்சினை வந்தபின் ஒருவரை மட்டும் தனியே அழைத்துப் பேசுவது கொடுமை. ஒரு குழு மனிதர்களை எப்படி நடத்துகிறது என்பது இந்த ஓர் இடத்தில் தெரிந்துவிடும்.

செயற்குழு என்ற எலும்புக்கூடு இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம். இசை நடத்துநர் ஸுபின் மேத்தாவின் தந்தை மெஹ்லி மேத்தா 1935இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். பொழுதுபோக்காக வாசிக்கும் நகரத்தார், நடன விடுதிகளிலும் சினிமாவிலும் வாசித்த கோவா இசைஞர்கள், கடற்படை வாத்தியக்காரர்கள் எனக் கிடைத்தவர்களைக் கூட்டிச் சேர்த்த குழு அது. அதன் உந்துசக்தி அவர் ஒருவர்தான். அவர் நாட்டைவிட்டுப் போனபின் குழு நிலைக்கவில்லை. ஐரோப்பியர்கள் வெளியேறியது, புரவலர்கள் குறைந்தது போன்ற காரணங்களும் இருந்தன. பழி முழுவதையும் நிர்வாகத்தின்மேல் போட முடியாது. ஆனால் ஊதியம் பெறும் நிரந்தர சிம்பொனிக் குழு ஒன்று அந்த நகரத்தில் அமைய 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே மெஹ்லி மேத்தா 1964இல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்க இளைஞர் சிம்பொனியைத் தொடங்கினார். 33 ஆண்டுகள் நடத்திவிட்டு விலகினார், 2002இல் காலமானார். குழு தொடர்ந்தது; கோல் வேறு கைகளுக்கு மாறியது. அங்கே அவருக்குப் பின்னால் ஓர் இயக்குநர் குழு இருந்தது, கணக்குப் புத்தகம் இருந்தது, நன்கொடையாளர்களோடு பேசும் ஆட்கள் இருந்தார்கள்.

தனி மனிதரின் பெருமுயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காங்கோவின் கின்ஷாஸாவில் வேலை இழந்த விமானியான அர்மான் தியாங்கியெந்தா 1994இல் ஒரு சிம்பொனிக் குழுவைத் தொடங்கினார். சில வயலின்களைப் பலர் முறை வைத்து வாசித்துப் பழகினார்கள். நரம்பு அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டினார்கள். குழுவின் மேலாளர் ஆல்பர்ட் மத்துபான்ஸா டபுள் பாஸ்களை மரத்தில் தானே செய்தார். அந்த ஊரின் மின்வெட்டுக்கும் போருக்கும் நடுவே பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக் காட்டியவர்கள் அவர்கள். 2010இல் வெளிவந்த ‘கின்ஷாஸா சிம்பொனி’ ஆவணப்படம் இதைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் தியாங்கியெந்தா, காங்கோவின் பெரிய திருச்சபைகளில் ஒன்றைத் தோற்றுவித்த சீமோன் கிம்பாங்குவின் பேரன். அவர் சொன்னால் ஆட்கள் வருவார்கள், இடம் கிடைக்கும். அந்தப் பிறப்புரிமை வேறு ஊரில் யாருக்கும் கிடைக்காது. கின்ஷாஸாவிலேயே அடுத்த தலைமுறைக்கு யார் என்ற கேள்வியும் இருக்கிறது.

யாருக்கும் கிடைக்கக்கூடிய பாதை வேறு. அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள கலமசூ நகரில் லெட்டா ஸ்னோ என்ற பெண்மணி 1921இல் ஊர் சிம்பொனியைத் தொடங்கினார். 1942இல் தன்னைப் போலவே சிறு ஊர்க் குழுக்களைச் சுமந்துகொண்டிருந்தவர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். இன்று அமெரிக்க இசைக்குழுக்களின் தேசிய அமைப்பாக இருப்பது அதுதான். பிரிட்டனில் தன்னார்வ இசைக்குழுக்களுக்கான கூட்டமைப்பு 1935இலேயே தொடங்கிவிட்டது. காப்பீட்டை எப்படி எடுப்பது, நடத்துநரின் ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது, புதிய செயலாளர் முதல் மாதத்தில் என்ன செய்வது என்று ஒரு குழு தட்டுத்தடுமாறிக் கற்றதை இன்னொரு குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இத்தகைய அமைப்புகளின் பெரிய சேவை. சென்னையில் 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற தன்னார்வப் பாடகர் குழுக்களும், தேவாலயப் பாடகர் குழுக்களும் நமக்கு உண்டு. ஒன்று கற்றதை இன்னொன்று அறிந்துகொள்ள அப்படியொரு பொது ஏற்பாடு இங்கேயும் வேண்டும்.

செயற்குழு மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். மெஹ்லி மேத்தாவைக் கடந்தும் வாழ்ந்த அந்த அமெரிக்க இளைஞர் சிம்பொனி, நிதி நெருக்கடியில் 2024இல் மூடப்பட்டது. நல்ல அமைப்பு தலைவரின் மறைவைத் தாங்கும். பண வறட்சியைத் தாங்குமென்று உறுதியில்லை. பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் 1966இலேயே எழுதினார்கள்: தொழிற்சாலையில் ஒரு பொருளுக்கான உழைப்பு நேரம் ஆண்டுக்காண்டு குறையும், இசையில் குறையாது. நாற்பது நிமிட சிம்பொனிக்கு அன்றும் இன்றும் நாற்பது நிமிடம், அதே எண்ணிக்கை ஆட்கள். தன்னார்வக் குழுவில் வாசிப்புக்குக் கூலி இல்லை என்பதால் இந்தப் பாரம் கணக்கில் வராமல் செயற்குழுவினரின் மாலைப் பொழுதுகள்மேல் இறங்குகிறது. எட்டு, பத்து ஆண்டுகள் ஒரே செயலாளர் சுமந்து, களைத்து, ஒருநாள் விலகும்போது, கடவுச்சொற்களும் அரங்கக்காரரின் தொலைபேசி எண்ணும்கூட அவரோடு போய்விடுகின்றன.

எனவே என் கோரிக்கைகள் எளியவை. செயற்குழுப் பதவிகளுக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டு வரம்பு வேண்டும், ஒவ்வொரு பதவிக்கும் பக்கத்தில் ஒரு துணை உட்கார வேண்டும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், புகழ்பெற்ற தனி வாத்தியக் கலைஞரை அழைப்பதற்கு முன் வாரத்துக்குச் சில மணி நேர ஊதியத்தில் ஒரு மேலாளரை வைக்க வேண்டும். பெரிய கலைஞர் வந்தால் அரங்கம் நிரம்பும், உள்ளூர் நாளிதழில் படம் வரும் என்று செயற்குழுவில் யாராவது மறுப்பார்கள். நிரம்பும்தான், ஒரு மாலைக்கு. இசைத்தாளும் வேனும் காப்பீடும் ஒருவர் பொறுப்புக்குப் போய்விட்டால், இரண்டாம் வயலினின் கடைசி நாற்காலிக்காரர் வீட்டில் தன் பகுதியை எடுத்துப் பழக நேரம் கிடைக்கும். அவர் அந்தக் குழுவில் சேர்ந்தது அதற்காகத்தான்.