“கட்டையா வெட்டுங்க” என்றால் எத்தனை கட்டை?



பெற்றோரே, சக ஆசிரியர்களே, சலூன் நடத்தும் தம்பிமாரே! இது கொஞ்சம் நீண்ட பதிவு. தலைமுடியைப் பற்றியது. “இதுக்கும் ஒரு பதிவா?” என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். முடியால் ஒரு பிள்ளை மூன்று நாள் பாடசாலைக்கு வராமல் இருந்த கதை இது. அதில் பிழை எங்கள் பக்கம்தான். அதனால்தான் எழுதுகிறோம்.

கடந்த தவணையில் ஒரு திங்கட்கிழமை. காலைக் கூட்டத்துக்கு முன் வாசலில் நின்று முடி, நகம், சப்பாத்து பார்ப்பது எங்கள் வழக்கம். தரம் 10 பிள்ளை ஒருவன் வந்தான். உச்சி முடி நெற்றியில் விழுகிறது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் தோல் தெரிகிறது.

“போன கிழமை முடி வெட்டிட்டு வரச் சொன்னோமா இல்லையா?”

“வெட்டித்தான் சேர் வந்த.”

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். “போய் கட்டையா வெட்டிட்டு வா, பிறகு வகுப்புக்குப் போகலாம்” என்று திருப்பி அனுப்பினோம்.

அன்று அவன் திரும்பி வரவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. வியாழக்கிழமை வாப்பாவோடு வந்தான். வாப்பா வாவியில் தோணியில் போய் மீன் பிடிப்பவர். அன்று தொழிலுக்குப் போகாமல் வந்திருந்தார். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“சேர், நீங்க கட்டையா வெட்டச் சொன்னீங்க எண்டு மகன் சொன்னான். 500 ரூவா குடுத்து அனுப்பின. சலூன்ல கட்டையாத்தான் வெட்டி உட்டிருக்காங்க. இதுக்கு மேல கட்டை எண்டா மொட்டைதான் அடிக்கணும். மொட்டை அடிச்சுட்டு வரவா சேர்?”

நாங்கள் அவனுடைய தலையைத் திரும்பவும் பார்த்தோம். வாப்பா சொன்னது உண்மை. பக்கத்தில் இருந்த முடி எங்கள் தலையில் இருப்பதை விடக் கட்டை. எங்களுக்குப் பிடிக்காமல் போனது மேலுக்கும் பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம். ஆனால் அதைச் சொல்ல எங்களிடம் சொல் இருக்கவில்லை. இருந்த ஒரே சொல் “கட்டை”. அந்தச் சொல்லை அவன் மீறவில்லை.

அந்த மூன்று நாளில் கணிதத்தில் ஒரு புதிய அலகு தொடங்கியிருந்தது.

அன்று அஸருக்குப் பிறகு நாங்களே சலூனுக்குப் போனோம். எங்கள் தலையைக் கொடுத்துவிட்டு, வெட்டுகிற தம்பியிடம் விசாரித்தோம். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “சேர், உங்கட பிள்ளைகள் எல்லாரும் வந்து ‘ஒழுங்கா வெட்டச் சொன்ன’ எண்டுதான் சொல்றானுகள். நம்பர் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு சீப்பு இருக்கு. ‘ஒழுங்கு’ எண்டு ஒரு சீப்பு எனக்கிட்ட இல்ல.”

அவரிடம் படித்ததை உங்களுக்கும் சொல்கிறோம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போல் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் நம்பர். மெஷினில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புக்குத்தான் நம்பர். பொதுவாக ஒரு நம்பர் கூடினால் விடும் முடி எட்டில் ஒரு அங்குலம் கூடும். நம்பர் 1 என்றால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், நம்பர் 2 என்றால் 6, நம்பர் 4 என்றால் அரை அங்குலம், நம்பர் 8 என்றால் ஒரு அங்குலம். சீரோ என்றால் சீப்பே இல்லை, வெறும் பிளேட்.

அடுத்தது டேப்பர், ஃபேட். இந்த இரண்டையும்தான் நாங்கள் எல்லோரும் குழப்புகிறோம். டேப்பரில் மேலே இருந்து கீழே வர வர முடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காதோரமும் பிடரியும் கட்டையாகும். ஆனால் அங்கும் முடி இருக்கும். ஃபேட் அதே பாதையில் இன்னும் கீழே போய்த் தோலில் முடியும். லோ, மிட், ஹை என்று சொல்வது அந்தத் தோல் தெரிகிற இடம் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதை. காதோரத்தோடு நின்றால் லோ, தலையின் பக்கத்தில் பாதி வரை ஏறினால் மிட், அதற்கும் மேலே போனால் ஹை.

அண்டர்கட் வேறு. பக்கம் முழுவதும் ஒரே கட்டை, மேலே நீளம், இரண்டையும் சேர்த்து விடுவதில்லை. படி வைத்த மாதிரி நிற்கும். நாங்கள் வாசலில் நின்று “ஸ்டைல்” என்று பொதுவாகத் திட்டுவது பெரும்பாலும் இதையும் ஹை ஃபேட்டையும்தான்.

மேல் முடி பெரும்பாலும் கத்தரியால் வெட்டுவது. விரலுக்கிடையில் பிடித்து, விரலுக்கு வெளியே நிற்பதை வெட்டுவார்கள். அதனால் “ஒரு விரல் அளவு விடுங்க” என்றால் அவர்களுக்குப் புரியும். பிடரிக் கோடு வட்டமா, சதுரமா, இருக்கிறபடியே விடுவதா என்றும், கிருதா காதின் எந்த இடம் வரை என்றும் சொல்லலாம்.

இவ்வளவுதான். ஒரு பாட நேரம் கூட வேண்டாம். ஆனால் இது தெரியாமல்தான் நாங்கள் வருடக்கணக்காகப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

எங்கள் வாப்பாமார் காலத்தில் இந்தச் சொற்கள் தேவைப்படவில்லை. அப்போது நம் ஊர்களில் ஒஸ்தாமார் இருந்தார்கள். தலைமுடி இறக்குவதும் அவர்கள்தான், சுன்னத்து வைப்பதும் அவர்கள்தான். பிள்ளையை இருத்திவிட்டால் எப்படி வெட்டுவது என்ற கேள்வியே வராது. வெட்டு ஒன்றுதான் இருந்தது, ஆகவே சொல்லும் ஒன்று போதும். இன்று பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. பந்து விளையாடுகிறவரின் தலை, நடிகரின் தலை எல்லாம் அதில் இருக்கிறது. பெருநாள் இரவில் சலூன் வாசலில் நின்று பாருங்கள், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படத்தை நீட்டுகிறான். வெட்டு பெருகிவிட்டது. நம்மிடம் இன்னும் அந்தப் பழைய ஒரு சொல்தான் இருக்கிறது.

மார்க்கத்தின் பக்கமும் இதைப் பார்க்க வேண்டும். “இது கஸஉ, ஹராம்” என்று சிலர் உடனே சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் ஆலிம்கள் அல்லர். படித்ததை மட்டும் சொல்கிறோம். கஸஉ தடுக்கப்பட்டது என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சிறுவனின் தலையில் ஒரு பகுதியை மழித்து ஒரு பகுதியை விடுவதுதான் கஸஉ என்ற விளக்கமும் அந்த அறிவிப்பிலேயே வருகிறது. இமாம் நவவி போன்ற அறிஞர்கள் இதை மக்ரூஹ் என்ற தரத்தில் வைக்கிறார்கள். அங்கே பேசப்படுவது மழிப்பது. கட்டையாகக் கத்தரிப்பது வேறு. ஹஜ்ஜுக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: மழித்தால் ஹல்க், கத்தரித்தால் தக்ஸீர். குர்ஆனே இரண்டையும் தனித்தனிச் சொல்லால் சொல்கிறது. நம் மார்க்கம் பிரித்துச் சொன்ன இரண்டை நாம் “கட்டை” என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிட்டோம்.

சீரோ வரை போகும் ஃபேட் கஸஉக்குள் வருமா, நம்பர் 2 டேப்பர் வருமா என்பதை ஆலிம்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். குத்பாவில் இதைப் பேசும் மௌலவிமார் ஒரு தடவை சலூனுக்குப் போய், எது எது என்று கண்ணால் பார்த்துவிட்டு, பெயர் சொல்லிப் பேசினால் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும்.

இனி சக ஆசிரியர்களுக்கு.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தோல் வரை போன பக்கம் நம்பர் 2 அளவுக்கு வர இரண்டரைக் கிழமையாவது வேண்டும். ஆகவே அப்படி வெட்டி வந்த பிள்ளையை “போய்ச் சரி பண்ணிட்டு வா” என்று அனுப்புவது நடக்காத காரியம். அவனுக்கு இருப்பது இரண்டு வழி. மொட்டை அடிக்க வேண்டும், அல்லது வீட்டில் இருக்க வேண்டும். நாங்கள் அன்று அனுப்பிய பிள்ளை வீட்டில் இருந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கத்தரியை எடுத்துக் கூட்டத்தில் வைத்தே பிள்ளையின் முடியில் ஒரு வெட்டு வைத்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. முடிக்கு வலிக்காது என்று யாராவது வாதாடலாம். எல்லோரும் பார்க்க அந்த ஓட்டைத் தலையோடு நடந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு அது அடியை விடப் பெரிது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. தாய்லாந்தில் மாணவர் முடி விதிகள் பல தசாப்தங்களாக மிகக் கடுமையாக இருந்தன. மீறியவர்களின் முடியை ஆசிரியர்களே வெட்டிவிடுவது அங்கும் வழக்கம். 2020இல் விதிகளைத் தளர்த்தினார்கள். பிறகு 2025 மார்ச்சில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் 1975ஆம் ஆண்டின் பழைய விதியையே செல்லாது என்றது. நாமும் விதியை எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பாடசாலைக்கு விதி வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் பிள்ளைக்கும் வாப்பாவுக்கும் சலூன்காரருக்கும் ஒரே மாதிரி விளங்கும் விதியாக அது இருக்க வேண்டும்.

“இப்படி நம்பர் எல்லாம் சொல்லிக் கொடுத்தால் நீங்களே ஸ்டைல் படிப்பிக்கிற மாதிரி ஆகாதா சேர்?” என்று ஒரு மூத்த ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்டைலின் பெயர்கள் பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். தெரியாமல் இருப்பது நாங்களும் பெற்றோரும்தான். பெயர் தெரியாத ஒன்றை எப்படித் தடுப்பது?

எங்கள் யோசனை இது. “முடி ஒழுங்காக வெட்டப்பட வேண்டும்” என்ற வரியை எடுத்துவிட்டு, இப்படி எழுதலாம்:

பக்கமும் பின்னாலும் நம்பர் 2க்கும் 4க்கும் இடையில், டேப்பர். தோல் தெரியும் ஃபேட், அண்டர்கட், கோடு போடுதல் இல்லை. மேலே இரண்டு விரல் அளவுக்கு மேல் வேண்டாம், நெற்றியில் புருவத்தைத் தொடக் கூடாது. கிருதா காதின் நடு வரை.

நம்பர் கூடக் குறைய இருக்கலாம். அது ஒவ்வொரு பாடசாலையும் பெற்றோரோடு இருந்து முடிவு செய்ய வேண்டியது. முடிவு செய்ததை ஒரு கடதாசியில் அச்சிட்டு ஊரில் உள்ள சலூன்களுக்கும் கொடுத்தால், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள். எங்களோடு பேசிய தம்பி, “தாங்க சேர், நாளைக்கே ஒட்டுறன்” என்றார். பிழையாக வெட்டி வந்தவனுக்கு வகுப்பு நிறுத்தம் வேண்டாம். அடுத்த வெட்டு வரை அவகாசம் கொடுப்போம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. காசைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்பும் போது “கட்டையா வெட்டிட்டு வா” என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். பக்கத்துக்கு எத்தனை நம்பர், மேலே எத்தனை விரல், டேப்பரா ஃபேட்டா, இந்த மூன்றையும் சொல்லி அனுப்புங்கள். முடிந்தால் ஒரு தடவை கூடப் போங்கள். 500 ரூபாய் கொடுத்துப் பிழையாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது.

சலூன் தம்பிமாருக்கும் ஒன்று. சீருடை வயதுப் பிள்ளை கதிரையில் ஏறினால், “எந்தப் பாடசாலை?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் படத்தை நீட்டினால், “இது உங்கட ஸ்கூலுக்குச் சரிவராது மகன், லோ டேப்பர் போட்டு உடவா?” என்று சொல்லுங்கள். உங்கள் பேச்சை அவன் எங்கள் பேச்சை விடக் கேட்பான்.

அந்தப் பிள்ளையிடமும் அவனுடைய வாப்பாவிடமும் அன்றே மன்னிப்புக் கேட்டோம். வாப்பா, “பரவால்ல சேர், அடுத்த முறை எப்படி வெட்டுற எண்டு எழுதித் தாங்க” என்றார். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தோம்: பக்கம் நம்பர் 3, டேப்பர், மேலே ஒரு விரல். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த நான்கைந்து சொல்லை வருடத் தொடக்கத்திலேயே எல்லா வாப்பாமாருக்கும் கொடுத்திருந்தால் அவன் மூன்று நாள் வீட்டில் இருந்திருக்க மாட்டான்.

உங்கள் கருத்துகளைப் பண்பாகப் பதிவிடுங்கள். பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். சலூன் நடத்தும் உங்கள் நண்பருக்கும் ஒரு தடவை பகிர்ந்துவிடுங்கள்.