வலுவான ரூபாய் யாருக்கு வேண்டும்?

ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் அந்தச் செய்தி கைபேசிக்கு வந்துவிடும். 1947-இல் ஒரு டாலர் ஒரு ரூபாய். இன்று 90-ஐத் தாண்டிவிட்டது. நாட்டின் மானம் கப்பலேறிவிட்டது. சென்னை பேசின் பிரிட்ஜ் டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், பட்டம் படித்தவர் வீட்டு வரவேற்பறையிலும் கேட்கலாம்.

முதல் பாதி பொய். அன்று ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது: ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். பவுண்டு அப்போது 4 டாலருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் ஒரு டாலர் மூன்றேகால் ரூபாய்க்குக் குறையாது. இந்தப் பொய்யைத் திருத்திவிடலாம். இரண்டாம் பாதிதான் ஆபத்தானது. ரூபாய் உசந்தால் நாடு உசரும், இறங்கினால் தலைகுனிவு என்ற நம்பிக்கை அது.

அந்த 1 ஷில்லிங் 6 பென்ஸ் யார் வைத்த விலை? இந்திய நாணயத்தை ஆராய்ந்த ஹில்டன் யங் ஆணையம் 1926-இல் பரிந்துரைத்தது, 1927-இல் சட்டமானது. ஆணையத்தில் இருந்த புருஷோத்தமதாஸ் தாக்கூர்தாஸ் ஒப்பவில்லை. 1 ஷில்லிங் 4 பென்ஸே சரி என்று தனிக் குறிப்பு எழுதினார். ரூபாய் மலிவாக இருக்கட்டும் என்றவர் இந்திய வணிகர், உசத்திப் பிடித்தது வெள்ளை அரசு. ஆண்டுதோறும் இந்தியா லண்டனுக்குக் கட்டிய வட்டியும் பென்ஷனும் பவுண்டில் போயின. ரூபாய் உசந்திருந்தால் அதற்குக் குறைந்த ரூபாய் போதும். லங்காஷயர் துணியும் இங்கே மலிவாக இறங்கும். பருத்தியும் கடலையும் ஏற்றுமதிக்கு விற்கும் குடியானவனுக்குத்தான் கையில் வரும் ரூபாய் குறையும். 1930-களின் மந்தத்தில் விளைச்சல் விலை சரிந்து விழுந்தபோதும் அந்த விகிதத்தை அரசு தளர்த்தவில்லை. கடனில் மாட்டிய குடும்பங்கள் நகையை விற்றன. அன்று உண்மையில் கப்பலேறியது அந்தத் தங்கம்தான்.

1930 ஜனவரி இறுதியில் காந்தி பதினோரு கோரிக்கைகளை வெளியிட்டார். உப்பு வரியை ஒழி என்பது அதில் ஒன்று. ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு இறக்கு என்பது இன்னொன்று. பக்கிங்காம் கால்வாயில் படகில் வந்த உப்பைக் குவித்துவைத்த சால்ட் கோட்டர்ஸ் பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உப்பு நம் நினைவில் நின்றது. ரூபாயை இறக்கச் சொன்ன காந்தி நிற்கவில்லை. அவர் படம் போட்ட நோட்டைக் காட்டியே ரூபாயின் மானம் போயிற்று என்கிறோம்.

டாலரின் விலையும் ஒரு விலை. வாங்குகிறவனுக்கு ஏற்றம் கஷ்டம், விற்கிறவனுக்கு லாபம். காசிமேட்டில் ஒரே விசைப்படகில் இரண்டும் உண்டு. டாங்கில் ஊற்றும் டீசல் டாலர் கொடுத்து வாங்கிய கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. வலையில் விழும் கணவாய் ஏற்றுமதிக்குப் போனால் டாலர் கொண்டுவருகிறது. ரூபாய் இறங்கியது நல்லதா என்று படகுக்காரரிடம் கேட்டால், இன்றைக்குப் பாடு எப்படி என்பதை வைத்துத்தான் அவரால் சொல்ல முடியும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஒரு தளத்தில் இறக்குமதி நிலக்கரி இறங்குகிறது, இன்னொன்றில் கார்கள் ஏறுகின்றன. எந்தத் தளத்தில் நின்று தேச மானத்தை அளப்பது?

சரிவு ஏழையை வாட்டாதா என்பார்கள். வாட்டும். ஆனால் 2014 முதல் 2016 வரை கச்சா விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது அந்த லாபத்தில் பெரும்பகுதியைக் கலால் வரி எடுத்துக்கொண்டது. அதற்கு யாரும் மானம் போனதாகச் சொல்லவில்லை. பேசின் பிரிட்ஜில் 1996-இல் வந்த 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி மின்நிலையம் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நாப்தாவை நம்பிக் கட்டப்பட்டது. விலை கட்டுப்படியாகாமல் அது பெரும்பாலும் சும்மா நின்றது. அங்கே திட்டுவதானால் ரூபாயை அல்ல, அந்த எரிபொருள் தேர்வைத் திட்டலாம்.

ஒரு டாலருக்கு ஆயிரம் வோனுக்கு மேல் எண்ணிக் கொடுக்கும் கொரியாவின் ஹூண்டாய்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வைத்துக் கார் ஏற்றுமதி செய்கிறது. நூறு யென்னுக்கு மேல் கொடுக்கும் ஜப்பானியர் நம்மைவிட ஏழைகளா? நம் விலைவாசி பல பத்தாண்டுகளாக அமெரிக்காவைவிட வேகமாக ஏறியது. ரூபாயின் நீண்டகாலச் சரிவில் பெரும்பங்கு அந்த வித்தியாசம். கட்சிகளுக்கு இது தெரியும். எதிர்வரிசையில் இருக்கும்வரை சரிவது ரூபாய், ஆட்சிக்கு வந்தால் வலுக்கிறது டாலர்.

ரிசர்வ் வங்கி டாலரை விற்று ரூபாயைத் தாங்கட்டும் என்பது அடுத்த யோசனை. விற்ற டாலருக்கு ஈடான ரூபாய் வங்கிகளிடமிருந்து ரிசர்வ் வங்கிக்குள் போய்விடும். 2024 செப்டம்பர் இறுதியில் 70,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த கையிருப்பு 2025 ஜனவரியில் 63,000 கோடிக்குக் கீழே வந்தது. மற்ற நாணயங்களின் மதிப்பு மாறியதும் அதில் சேரும். அந்த நேரம் வங்கிகளில் பணம் வறண்டு, ரிசர்வ் வங்கியே மறுபடி உள்ளே விட வேண்டிவந்தது. அப்படி வறளும்போது கடன் கேட்டு அலைவது திருவொற்றியூர் லேத்துப் பட்டறைக்காரர்.

இந்தப் பிடிவாதம் முற்றினால் என்ன ஆகும் என்பதை அக்கரையில் பார்த்தோம். 2021 செப்டம்பர் முதல் இலங்கை மத்திய வங்கி டாலரை 203 ரூபாய்க்கு மேல் போகவிடாமல் பிடித்துவைத்தது. வங்கிக்கு வெளியே டாலருக்கு அதிகம் கிடைத்ததால் வெளிநாட்டில் உழைத்தவர்கள் வங்கியை விட்டு உண்டியல் என்ற ஹவாலா வழியில் பணம் அனுப்பினார்கள். வரவேண்டிய டாலர் வரவில்லை, இருந்ததும் கரைந்தது. 2022 மார்ச் 7 அன்று பிடியை விட்டார்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே மாதத்தில் டாலர் 360 ரூபாய். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. டாலரெல்லாம் தீர்ந்துகொண்டிருந்த அந்த ஆறு மாதமும், வங்கிப் பலகையில் இலங்கை ரூபாய் வலுவாகத்தான் இருந்தது.