தைராய்டு உள்ளவர் மடிக்கு அயோடின் தொடலாமா?

கேள்வி: எங்களிடம் நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. பால் கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி விடுவது வழக்கம். போன தை மாதம் எனக்கு 'ஆட்டோ இம்யூன் தைராய்டு' என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தைராய்டுக்காரர்கள் அயோடின் பக்கமே போகக் கூடாது என்று பனியன் கம்பெனிக்குப் போகும் என் நாத்தனார் சொன்னதால், இரண்டு மாதமாகக் காம்பு முக்குவதை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு மாட்டுக்கு மடிநோய். என் குதிகால் வெடிப்புக்கும் தினமும் ராத்திரி அந்தப் பழுப்புக் களிம்பைத்தான் அப்பிக்கொண்டு படுக்கிறேன். அதையும் விட வேண்டுமா?
- வாசகி, நல்லூர், திருப்பூர்.

பதில்: சகோதரி, நிறுத்த வேண்டியதைத் தொடர்ந்துகொண்டு, தொடர வேண்டியதை நிறுத்திவிட்டீர்கள். மாடு வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் குழப்பம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் வேளாண்மை படித்தவன், மருத்துவன் அல்ல. என் வீட்டம்மாவும் பல வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவர். அதனால் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிவந்தது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டு சுரப்பியையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் உங்களுக்கு வந்திருப்பது. இதில் சுரப்பி மந்தமாகும் வகையை 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்தார். நல்ல சுரப்பிக்கு அளவுக்கு மீறி அயோடின் வந்தால், சில நாள் வேலையைக் குறைத்துவிட்டுத் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். நோய்ப்பட்ட சுரப்பி அப்படி எளிதில் மீளாது, இன்னும் மந்தமாகலாம். கிரேவ்ஸ் என்ற இன்னொரு வகையில் இதற்கு நேர்மாறாக, சுரப்பு அதிகமாகிப் படபடப்பும் கை நடுக்கமும் கூடக்கூடும்.

சரி, அளவைப் பார்ப்போம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். 10 சதவீத போவிடோன் அயோடின் கரைசல் ஒரு மில்லியில் சுமார் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. அயோடின் கலந்த உப்பில் கணக்குப் பார்த்தால் அரைக் கிலோவுக்கும் மேல்! நல்ல வேளையாக அத்தனையும் உள்ளே போவதில்லை. மூடிய தோல் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடும். திறந்த புண், தீக்காயம், ஆழமான வெடிப்பு, வாய், பிறப்புறுப்பு வழியாகத்தான் அதிகம் இறங்கும். ஒரு நாள் போடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திறந்த இடத்தில் போடுவதுதான் வம்பு.

அதனால் குதிகாலுக்குப் போடும் களிம்பை இன்றே நிறுத்துங்கள். வெடிப்புக்குக் கிருமிநாசினியைவிட ஈரப்பதம்தான் முக்கியம். ராத்திரி வெதுவெதுப்பான நீரில் கால் ஊறவைத்து, துடைத்து, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிப் பழைய காலுறை போட்டுப் படுங்கள். ரத்தமும் எரிச்சலும் அடங்கிய பிறகு யூரியா கலந்த களிம்பு நன்றாகக் கேட்கும். மருந்துக் கடையில் வாங்குங்கள், உர மூட்டையில் கை வைத்துவிடாதீர்கள்! சீழ் வைத்தால் டாக்டரிடம் காட்டி, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். எத்தனை மாதம் களிம்பு போட்டீர்கள் என்பதைச் சொல்லி, டி.எஸ்.எச். பரிசோதனை மறுபடி தேவையா என்றும் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சமையல் உப்பையும் மாற்ற வேண்டாம்.

காம்பு முக்குவதை நாளைக் காலையிலேயே மறுபடி தொடங்கலாம். கறந்து முடித்தபின் காம்புத் துளை அரை மணி நேரமாவது திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணியில் படுத்தால் கிருமி உள்ளே ஏறிவிடும். முக்கிவிட்டு உடனே தீவனம் போட்டு நிற்க வைப்பது அதனால்தான். உங்கள் கைக்கு, சாயப்பட்டறையில் போடுவது போன்ற ரப்பர் கையுறை போதும். தெளிப்பானை விட்டுவிட்டு, முக்கும் குவளையே வைத்துக்கொள்ளுங்கள், மேலே தெறிக்காது. கரைசலில் சாணி கலந்து நிறம் வெளுத்தால் கொட்டிவிடுங்கள், அதில் வீரியம் இருக்காது. அடுத்த முறை கறக்கும் முன் காம்பைக் கழுவித் துடைப்பதைத் தவற விடாதீர்கள். துடைக்காவிட்டால் பாலில் அயோடின் ஏறும், அந்தப் பாலைக் குடிப்பதும் நீங்கள்தானே. இவ்வளவுக்குப் பிறகும் மனது ஒப்பவில்லை என்றால், குளோர்ஹெக்சிடின் உள்ள காம்பு முக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கன்றின் தொப்புளுக்கு அயோடின் வைக்கும்போதும் கையுறை போடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ இருந்தால், அவர்கள் காயத்துக்கு டாக்டரைக் கேட்காமல் இதைப் போட வேண்டாம். பச்சைக் குழந்தையின் தோலில் தடவவே கூடாது.

நாய்க்கடி வேறு விஷயம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, கையில் அயோடின் இருந்தால் தயங்காமல் ஊற்றி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். அங்கே தைராய்டைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

மடிநோய் வந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, அந்தப் பாலைத் தனியாக வையுங்கள். சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம். 1962-க்குப் போன் செய்து கால்நடை மருத்துவரை வரச் சொல்லுங்கள். காம்பு கல்லாக இறுகும்வரை காத்திருக்க வேண்டாம்.