வாகனத்தை விட்டு இறங்குங்கள்!

மலைநாட்டுக்குச் சுற்றுலா சென்று திரும்பிய எம்மவர் எவரிடமாவது அங்கே எதைக் கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேராதனைப் பூங்கா, றம்பொடை ஆஞ்சநேயர், சீதா எலிய கோவில், கிரகரி வாவியில் படகுச் சவாரி என்று பட்டியல் மூச்சுவிடாமல் வரும். எவரைக் கண்டீர்கள் என்று கேளுங்கள். விடுதியில் உணவு பரிமாறிய பையனைத் தவிர ஒருவரும் நினைவுக்கு வரமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து செல்பவரும் சரி, விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருபவரும் சரி, குளிரூட்டிய வாகனத்தின் கண்ணாடியை ஏற்றிவிட்டால் நுவரெலியா வரை இறக்குவதில்லை. இடையிலே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு படம். பின்னணியில் கொழுந்துக் கூடையுடன் பெயர் தெரியாத ஒரு பெண். அவ்வளவுதான் எமது மலையக தரிசனம்!

இதனைச் சுற்றுலா என்று நான் ஏற்கமாட்டேன். மலைநாட்டைக் காலால் நடந்து காணாதவர் அதனைக் கண்டவரல்லர்.

2024 இல் நான், என் மனைவி, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள், தம்பியின் இரு பையன்கள் என ஐவர் ஹந்தானையிலிருந்து கலஹா வரை நடந்தோம். 'பீக்கோ நடைவழி' என அழைக்கப்படும் பாதையின் முதற்கட்டம் அது. கண்டிக்கு அருகே தொடங்கி, நுவரெலியாவில் முடியும் இந்த நடைவழி 22 கட்டங்களைக் கொண்டது. நீளம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இலங்கையில் வாழும் ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் வடிவமைக்க, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் நிதி வழங்கின. எமது மலையை எமக்குக் காட்டுவதற்கு ஸ்பெயினிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை என்னவென்று சொல்வது!

வாகனத்தில் யார் யாருடன் பேசுவது என்பதை இருக்கைகளே தீர்மானித்துவிடுகின்றன. நடையில் அப்படியில்லை. ஏற்றத்தில் நான் பின்தங்கினேன்; பையன்களில் இளையவன் என்னோடு தங்கிவிட்டான். அவன் தனது பாடசாலையைப் பற்றி அன்று கூறியவற்றை அவனது தகப்பனே அறிந்திருப்பாரோ தெரியாது. சற்றுத் தொலைவு சென்றதும் அவன் ஓடிவிட, மகள் வந்து சேர்ந்தாள். பத்தாண்டுகளாகத் தொலைபேசியில் நலம் விசாரித்துக்கொண்ட நாங்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பேசினோம். முகத்தைப் பாராமல் தோளோடு தோளாக நடக்கும்போது கேட்கக் கூச்சப்படும் கேள்விகளும் தாமாக வந்துவிடுகின்றன. இடையிலே பனிமூட்டம் இறங்கி, முன்னே சென்றவர்களை மறைத்தது. அவர்களுடைய சிரிப்பு மாத்திரம் கேட்டது. அட்டைகளும் எங்களைக் கவனிக்கத் தவறவில்லை.

வழியிலே தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் சேர்ந்துகொண்டார். "நான் தினமும் நடக்கிற பாதைதான் சேர்" என்றார். எந்த லயனின் கூரை எப்போது பறந்தது, எந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் சென்றது என்று அவர் சொல்லச் சொல்ல, தூரத்தில் பொம்மைபோலத் தெரிந்த அந்தக் குடியிருப்பு ஓர் ஊராக மாறிற்று. விறகுக் கட்டுடன் வந்த மூதாட்டி ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாழ்ப்பாணமாங்கய்யா? வெள்ளக்காரங்க தான் இப்படி நடப்பாங்க. நம்ம ஆளுங்க வேன்ல போயிருவாங்க" என்றார்.

அந்த 'நம்ம ஆளுங்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் எங்களையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார். நாங்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டோமா? 1948 இல் அவர்களுடைய குடியுரிமை பறிபோனது. அக்காலத்து நிலைப்பாடுகளே 1949 இல் தமிழ்க் காங்கிரஸ் பிளவுபடக் காரணமாயின. அந்த அரசியலை மேடைகளில் முழங்கிய சமூகம், வீட்டு வேலைக்கு அதே தோட்டங்களிலிருந்து சிறுவர்களைக் கொணர்ந்தது. அவர்களைக் குறிக்க ஓர் இழிசொல்லையும் வைத்திருந்தது. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறியவர்களையும் அச்சொல் தொடர்ந்தது. கண்ணாடி ஏற்றிய வாகனம் அந்தப் பழைய பார்வையைத்தான் சில்லுகளின்மேல் ஏற்றிச் செல்கிறது.

"நாங்கள் நடந்தது போதாதா?" என்று ஒரு நண்பர் என்னிடம் சீறினார். அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். வலிகாமத்து மக்களுக்கு நடை என்பது 1995 ஒக்டோபர் 30 இன் மழை இரவு. வன்னி மக்களுக்கு அது 2009. மூட்டையும் முதியவர்களுமாக நடந்தவரிடம் நடையின் இன்பத்தைப் பேசுவது எளிதன்று. ஆயின் மலையகத்தாரின் கதையும் அத்தகைய நடையிலேதானே தொடங்கிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்தவர்களில், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வீழ்ந்தோர் பலர். அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது. துரத்தப்பட்டு நடந்தவர்களின் பிள்ளைகள் தம் விருப்பத்தால், விரும்பிய வேகத்தில், விரும்பிய இடத்தில் நின்று நின்று நடப்பதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. நண்பருக்கும் அதையே சொன்னேன். அவர் இன்னும் இணங்கவில்லை.

வறுமையைக் காட்சிப்பொருளாகப் பார்க்கப் போகிறோமா என்று இன்னொருவர் கேட்கக்கூடும். வேகமாகக் கடந்து போகிறவர்தான் காட்சி பார்க்கிறார். நடப்பவர் வணக்கம் சொல்லியாகவேண்டும், வழி கேட்டாகவேண்டும். பிறகு இஸ்தோப்பில் அமர்ந்து சாயத்தண்ணி குடிக்கவும் நேரலாம். கேளாமல் படம் எடுக்கவேண்டாம். அது மாத்திரம் போதும். அடுத்த கட்டத்தில் லூல்கந்துர இருக்கிறது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது என்று சுற்றுலாக் கையேடுகள் கூறும். அந்தக் குழிகளை வெட்டிய கைகளைப் பற்றி அறிய வேண்டுமாயின், அங்கே எதிர்ப்படுபவரிடந்தான் கேட்கவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. செய்திகளில் வந்த ஊர்ப்பெயர்களை எம்மவரிற் பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டனர். என் மகளோ, தொலைவிலிருந்து, கலஹாப் பக்கத்து அந்த ஆசிரியருக்கு அழைப்பெடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள்தான் தொடர்பு கிடைத்தது.

மண்சரிவுகளுக்குப் பின் பாதைகள் மாறியிருக்கக்கூடும்; போவதற்கு முன் விசாரியுங்கள். ஹந்தானையில் அதிகாலையிலேயே புறப்படுங்கள். கலஹாவிலிருந்து கண்டிக்குத் திரும்ப பஸ் உண்டு. அட்டைக்குச் சவர்க்காரத்தை முழங்கால் வரை நன்றாகப் பூசிக்கொள்ளுங்கள்.