கல்லில் நின்ற முகம்

நோர்வே ஓவியர் எட்வர்ட் முங்க் என்றதும் பலரும் 'அலறல்' ஓவியத்தையே எடுத்தோதுவர். அவரை அறிய விழைவோர் முதலிற் காணவேண்டியது 'நோயுற்ற சிறுமி' என்னும் கல்லச்சுப் படமே என்பது என் துணிபு.

1863 இல் பிறந்த முங்க், ஐந்து வயதில் அன்னையையும் பதின்மூன்று வயதில் தமக்கை சோஃபியையும் சயரோகத்துக்குப் பறிகொடுத்தார். தமக்கையின் நோய்ப்படுக்கையை நாற்பதாண்டுக் காலத்தில் ஆறு முறை வண்ணத்தில் தீட்டினார். 1896 இல் தீட்டியது செல்வர் ஒருவர் விரும்பிக் கேட்டதால் எழுந்தது. துயரை விலைப்படுத்தினார் என்று கருதுவோர் இருப்பின், அதே ஆண்டில் பாரிஸில் அவர் ஆக்கிய கல்லச்சைப் பார்க்கட்டும். அதிலே கட்டிலில்லை, அருகிருந்து தலைகவிழும் பெண்ணுமில்லை. தலையணையிற் சாய்ந்த சிறுமியின் முகமே படம் முழுவதும்.

எண்ணெய்ப்பசைக் கோலாற் கல்லில் எழுதிய அவ்வுருவை அச்சிடுகையில், அச்சாளர் ஓகுஸ்த் க்ளோவின் கூடத்தில் முங்க் கண்களை மூடியபடி நின்று நிறங்களைக் கூறினாராம். உடனிருந்த ஓவியர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இது. சிவப்பு, மஞ்சள், நீலம், சாம்பல் என அச்சுக்கு அச்சு மை மாறுகிறது. தூரிகையால் மீண்டும் தீட்டுங்கால் முகமும் சிறிது மாறிவிடும். கல்லோ அவளை மாறவிடவில்லை. செந்நிறப் பிரதியில் அவளுக்குக் காய்ச்சல் இன்னும் எரிவதாகவே எனக்குத் தோன்றும்.