பழைய வண்டிக்கு வேற இன்ஜின் போடலாமுங்களா?

டவுன்ல இருந்து நம்ம பக்கம் வர்ற நண்பர்கள் நிறைய பேர் இப்பெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கறாங்க. "பழைய அம்பாசடர் ஒண்ணு வேணும். பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிட்டு நல்ல டீசல் இன்ஜினா வெச்சுக்கலாம்னு இருக்கேன். ஊர்ப்பக்கம் கிடைக்குமா?" வண்டியும் கிடைக்கும், மாத்திக் கொடுக்கிற பட்டறையும் கிடைக்கும். ஆனா என் கருத்து இதுதானுங்க. இன்ஜினை மட்டும் மாத்தறதா இருந்தா மாத்தாதீங்க. மாத்தினா கியர்பாக்ஸ், பிரேக், ஆர்.சி. புக் மூணையும் சேர்த்துப் பாருங்க. அதுக்குத் தோது இல்லைன்னா பழைய இன்ஜினையே போர் போட்டு, பிஸ்டன் மாத்தி ஓட்டுங்க.

இந்த இன்ஜின் மாத்தற பழக்கம் சும்மா வந்தது இல்லை. அம்பாசடர் 1957ல மேற்கு வங்காளத்து உத்தரபாராவுல செய்ய ஆரம்பிச்ச கார். 2014 மே மாசம்தான் நிறுத்தினாங்க. பல வருஷம் அதுல வந்தது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். ஆளும் மூட்டையும் ஏத்திக்கிட்டுப் போனா பெட்ரோலை நல்லாக் குடிக்கும். அப்ப டீசல் விலை பெட்ரோலைவிட ரொம்பக் கம்மி. டீசல் வண்டி மைலேஜும் கூடக் கொடுக்கும். அதனால பெட்ரோல் கார் வெச்சிருந்தவங்க மெட்டாடோர் வேன் இன்ஜினைத் தேடிப் பிடிச்சு வெச்சாங்க. பெட்ரோல் ஜீப்புக்கும் இதே வைத்தியம் நடந்துச்சு. வாடகைக்கு ஓட்டினவங்களுக்கு அதுல சோறு இருந்துச்சு. அவங்களைக் குத்தம் சொல்ல நான் வரலை.

இன்னைக்குக் கணக்கு வேற. 2010 ஜூன்ல பெட்ரோல் விலையையும், 2014 அக்டோபர்ல டீசல் விலையையும் அரசாங்கம் கட்டுப்பாட்டுல இருந்து விட்டுடுச்சு. ரெண்டுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிப் போச்சு. ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். ஞாயித்துக்கிழமை, விசேஷம்னு மாசம் 300 கிலோமீட்டர் ஓட்டறீங்க. பெட்ரோல்ல லிட்டருக்கு 10 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபான்னா செலவு 3,000. டீசல்ல லிட்டருக்கு 14 கிலோமீட்டர், லிட்டர் 92 ரூபான்னா கிட்டத்தட்ட 1,970. மிச்சம் மாசம் ஆயிரத்துச் சொச்சம். இன்ஜின் மாத்த ஒன்றரை லட்சம் ஆச்சுன்னா அந்தப் பணம் திரும்பி வர 12 வருஷம் ஆகும். தென்னங்கன்னு வெச்சா அதுக்குள்ள காய் பறிச்சுடலாம்.

சரி, காசு பெரிசில்லை, ஆசைதான்னு சொல்றீங்களா? அப்பவும் வண்டியோட கணக்கைப் பார்க்கணும். கிணத்துல 5 எச்.பி. மோட்டாரை எடுத்துட்டு 7.5 எச்.பி. வெக்கிறோம்னு வெச்சுக்குங்க. மோட்டாரை மட்டுமா மாத்தறோம்? கேபிள் தாங்குமா, ஸ்டார்ட்டர் தாங்குமா, டெலிவரி பைப் போதுமான்னு பார்க்கறோம். ஈ.பி. ஆபீஸ்ல லோடு கூட்டி எழுதியும் வாங்கணும். காருக்கும் அதேதானுங்க.

டீசல் இன்ஜின் எடை கூட. அழுத்தம் அதிகம்கிறதால பிளாக் கனமா வார்த்திருப்பாங்க. அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். முன்பக்க எடையைத் தாங்கறது ரெண்டு முறுக்குக் கம்பி, டார்ஷன் பார்னு சொல்லுவாங்க. முப்பது நாப்பது வருஷ வண்டியில அது பிடிச்சிருக்கிற தகடே துரு ஏறிக் கிடக்கும். அதும்மேல கூடுதல் எடையையும் டீசல் அதிர்வையும் வெச்சா முன்பக்கம் தணிஞ்சுபோகும். திருப்பத்துல வண்டி நம்ம பேச்சைக் கேட்காது. எடை கூடின வண்டியை நிறுத்தறது மட்டும் அதே பழைய டிரம் பிரேக்.

பிரேக் பூஸ்டர் இருக்கிற கார்ல இன்னொரு சங்கதி இருக்கு. பெட்ரோல் இன்ஜின் காத்தை உறிஞ்சுற இடத்துல ஒரு இழுவை இருக்கும். அந்த இழுவையிலதான் பூஸ்டர் வேலை செய்யும். டீசல் இன்ஜின்ல அது கிடையாது, தனியா ஒரு வாக்குவம் பம்ப் வேணும். அதை வெக்காம விட்ட வண்டியில பிரேக் கல்லு மாதிரி இருக்கும். முழு பலத்தோட மிதிச்சாத்தான் பிடிக்கும்.

கியர் கணக்கும் உண்டு. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு சுத்து வேகம். நிதானமா சுத்தற டீசல் இன்ஜினை, வேகமா சுத்தற பெட்ரோல் இன்ஜினுக்குன்னு செஞ்ச கியர்பாக்ஸோட, பின்னாடி கிரவுனோட சேர்த்தா மேட்டுல இழுக்கும், மெயின் ரோட்டுல கத்தும். வேகம் வராது.

கார் செஞ்ச கம்பெனியே 1990கள்ல இதே வேலையைப் பண்ணுச்சு. அம்பாசடர்ல இசுசு 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினை வெச்சாங்க. இன்ஜினோட நிறுத்திக்கலை. ஸ்டியரிங் பக்கத்துல இருந்த 4 கியரை எடுத்துட்டு, கீழே 5 கியர் பாக்ஸ் கொடுத்தாங்க. செஞ்சவங்களே இன்ஜினை மட்டும் மாத்தலை பாருங்க.

இனி காகித விஷயம். ஆர்.சி. புக்குல இன்ஜின் நம்பர், எரிபொருள், சி.சி. எல்லாம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி அனுமதி வாங்காம மாத்தக்கூடாது. மாத்தினா 14 நாளைக்குள்ள பதிவு அலுவலகத்துல சொல்லணும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தின சட்டத்துல, சட்டத்துக்கு மாறா வண்டியை மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும்கூட விழலாம்.

மாத்தினவருக்கு மட்டும் இது தலைவலின்னா நான் இவ்வளவு எழுதமாட்டேன். அடுத்து வாங்கறவர்தான் மாட்டறார். எங்க ஊர்ல ஒருத்தர் மக கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பழைய கார் வாங்கினார். இன்ஜின் மாத்தினதை வித்தவர் சொல்லவே இல்லை. சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பதிவைப் புதுப்பிக்கணுமில்லீங்களா, அதுக்குக் கொண்டுபோனப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரைப் பார்த்தார். புக்குல ஒண்ணு, இன்ஜின்ல ஒண்ணு. திருட்டு இன்ஜின் இல்லைன்னு நிரூபிக்கிற பாரமும் இவர் தலையிலதான் விழுந்துச்சு. வண்டி இன்னும் மாட்டுக் கொட்டகையில நிக்குது. ஒரு விபத்து ஆகி இன்சூரன்ஸ் கேட்டுப் போயிருந்தா நிலைமை இன்னும் மோசம். சொல்லாம மாத்தின இன்ஜினைக் காட்டியே பணத்தை மறுக்கலாம்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. கேஸ் கிட், எலெக்ட்ரிக் கிட் போடறதுக்கு அங்கீகாரம் வாங்கின கிட்டை வெச்சு ஆர்.சி.யில ஏத்தற வழி இருக்கு. புனேயில இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி பரிசோதனை அமைப்புகள் அந்தக் கிட்டைச் சோதிச்சு விடுது. ஒத்தை வண்டி வெச்சிருக்கிறவன் ஒரு பழைய காருக்காக அவ்வளவு தூரம் அலைய முடியுமா? மாவட்டத்துக்கு ஒரு இடத்துல எடை, பிரேக், புகை மூணையும் சோதிச்சு, பாஸானா புக்குல எழுதிக் கொடுங்க. ஃபெயிலானா ரோட்டுல விடாதீங்க. நேர் வழி இல்லாததாலதான் எல்லாரும் குறுக்கு வழியில போய், கடைசியில விவரம் தெரியாதவன் தலையில கட்டறாங்க.

அந்த வழி வர்ற வரைக்கும் பழைய வண்டி பார்க்கப் போறவங்க பானெட்டைத் தூக்கி இன்ஜின் நம்பரை நீங்களே துடைச்சுப் படிங்க, புக்கோட ஒத்துப் பாருங்க. புக்குல பெட்ரோல்னு இருந்து டேங்க்ல டீசல் வாசம் அடிச்சா அட்வான்ஸ் கொடுக்காதீங்க. நாலு பேரை ஏத்திக்கிட்டு இறக்கத்துல பிரேக் போட்டுப் பாருங்க. இன்ஜின் நல்லா இழுக்குதுன்னு பட்டறைக்காரர் சொல்லுவார், அது நிஜமாவும் இருக்கும். நிக்குதான்னு நீங்கதான் பார்க்கணும்.