இரண்டு ரூபாய் வள்ளல்!



சென்ற கோடையில் நாடகமொன்று நடத்த ஓர் ஊருக்குச் சென்றிருந்தேன். ஊர்ப் பெயர் எதற்கு? எல்லையிலே ஆலை எழும்பி நிற்கும் எந்த ஊரையும் எண்ணிக்கொள்ளுங்கள். கொட்டகைக்கு எதிரே ஒரு குடிநீர் நிலையம். அதன் நெற்றியில், கட்டிடத்தின் அகலத்துக்கு ஈடாக ஒரு பலகை. பலகையிலே நிறுவனத்தின் பெயர். அதன் கீழ் ‘சமூகப் பொறுப்பு நிதி’ என்னும் எழுத்துக்கள். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று அடுக்கடுக்காகப் பெயர்கள். படித்து முடிப்பதற்குள் தாகம் எடுத்துவிட்டது! குழாயைத் திருகினேன், காற்றுதான் வந்தது.

பக்கத்துத் திண்ணையில் இருந்த பெரியவர் சிரித்தார். “ஆலை வர்றதுக்கு முன்னால எங்க கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும் தம்பி. இப்ப வாயில வைக்க முடியாது. அவங்களே இந்த நிலையத்தைக் கட்டிக் குடுத்தாங்க. மாலை போட்டோம், நன்றி சொன்னோம். வடிகட்டி கெட்டு எட்டு மாசம் ஆச்சு. இனி யாரைக் கேக்கணும்னு தெரியலை.”

கெடுத்தவர் யார்? கொடுத்தவர் யார்? இருவரும் ஒருவரே என்றால், அங்கே போடப்பட்ட மாலைக்கு என்ன பொருள்? அன்றிரவு ஒப்பனை கலைத்த பிறகும் இந்தக் கேள்வி என்னை உறங்க விடவில்லை. உங்களிடம் இறக்கி வைக்கிறேன்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி - இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடக்கத்தில், செலவிடாவிட்டால் காரணம் கூறினாலே போதும் என்றிருந்தது. 2021 சனவரி முதல், மீதப் பணத்தைத் தனிக் கணக்கிலோ அரசு நிதியிலோ செலுத்த வேண்டும், தவறினால் அபராதம் என்று இறுக்கினார்கள். அரசியல் கட்சிகளுக்குத் தரும் பணம் இதில் சேராது. நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்; அந்த மட்டில் நல்ல சட்டமே!

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். ஆயினும் நூற்றிலே இரண்டு போனால் தொண்ணூற்றெட்டு என்ற கணக்கு எனக்கும் தெரியும். மேடையிலே பேசப்படுவது அந்த இரண்டு. பேசப்படாதது, நூறு வந்த வழி!

இரண்டு ஆலைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் கழிவுநீரைத் துப்புரவாக்கி வெளியேற்றுகிறார். நியாயமான கூலி தருகிறார். அதற்கே 30 கோடி செலவாகிறது. இலாபம் 70 கோடி. அடுத்தவர் கழிவை இரவோடு இரவாக ஓடையிலே கலக்கிறார்; கூலியைக் குறைக்கிறார். இலாபம் 100 கோடி. சட்டத்தின் தராசிலே நிறுத்துப் பாருங்கள். நல்லவர் தர வேண்டியது 1 கோடியே 40 இலட்சம். கெட்டவர் தருவதோ 2 கோடி! பெரிய மண்டபம் யாருடையது? பெரிய பலகை யாருடையது? ஆண்டு விழாவிலே ‘வள்ளல்’ பட்டம் யாருக்கு? ஓடையைக் கெடுத்தவருக்கு! நேர்மையாகத் தொழில் நடத்துவோர் மனத்திலே இது எத்தகைய எண்ணத்தை வளர்க்கும்? ஆகவேதான் சொல்கிறேன், இது ஊராரின் குறை மட்டுமன்று. ஒழுங்காகத் தொழில் நடத்தும் முதலாளியின் குறையும்கூட.

இந்த நாடகம் நம் மண்ணிலே பிறந்ததன்று. பழைய அமெரிக்க நாடகம். முதற்காட்சி, 1892 சூலை 6. பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்டெட் என்னும் ஊர். ஆண்ட்ரூ கார்னகியின் எஃகு ஆலை. கூலிக் குறைப்பை ஏற்க மறுத்த தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்தாயிற்று. ஆற்றின் வழியே, இருளிலே, படகுகளில் வந்திறங்கினர் 300 பிங்கர்டன் கூலிப்படையினர். துப்பாக்கிகள் வெடித்தன, இருதரப்பிலும் உயிர்கள் மாய்ந்தன. முதலாளி அப்போது ஸ்காட்லாந்திலே ஓய்வெடுத்துக் கொண்டிருந்தார்! சங்கம் நொறுங்கியது, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை நிலைத்தது. இரண்டாம் காட்சி, 1898. அதே ஊருக்கு அதே கார்னகி அளித்த அழகிய நூலகம். இசையரங்கு உண்டு, நீச்சல் குளமும் உண்டு. உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்களைத் தந்தவர் அவர். அறிவுக் கோயில்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உலையின் முன் வெந்தவன், எந்த மணியிலே போய்ப் புத்தகத்தைப் பிரிப்பான்?

வெளிநாட்டுக் கதை போதும். நமது மலைக்கு வாருங்கள்.

கொடைக்கானல். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானி ஆலை 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, பாம்பாறு சோலையை ஒட்டி அமைக்கப்பட்டது. முதலில் பாண்ட்ஸ், பின்னர் இந்துஸ்தான் லீவர். வெப்பமானிக்குள் ஓடும் வெள்ளி நிற நஞ்சு பாதரசம் என்பதை அறிவீர்கள். 2001-இல், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, ஊரின் பழைய சாமான் கடையிலே குவிந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது! கழிவுக்குக் கப்பல் கிடைத்தது, தொழிலாளிக்கு? நீதிமன்ற வாசல்! தொழிலாளரின் நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2016 மார்ச்சிலே, முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றது நிறுவனம்.

மனிதாபிமானம்! அந்தச் சொல்லருகே சற்று நில்லுங்கள். கடமை என்று சொன்னால் கணக்குக் கேட்பார்கள். கருணை என்று சொன்னால் கைகூப்புவார்கள். முல்லைக்குத் தேர் தந்த பாரி, அந்தக் கொடியைத் தானே மிதித்துவிட்டுத் தேரைத் தரவில்லை. தேரிலே தன் பெயரைப் பொறித்தும் தரவில்லை.

சரி, அந்த இரண்டு ரூபாயாவது ஊராருக்கு வருகிறதா? எங்கே செலவிடுவது என்பதை முடிவு செய்வது நிறுவன இயக்குநர்களின் குழு. ஆலைப் புகையை உண்ணும் ஊராருக்கு அந்தக் குழுவிலே சட்டம் ஓர் இருக்கையும் வைக்கவில்லை. சுற்றுப்புறத்துக்கு முன்னுரிமை தருக என்கிறது சட்டம். அது வழிகாட்டுதலே, கட்டாயமன்று என்று 2021-இல் விளக்கம் தந்தது ஒன்றிய அமைச்சகம். முன்னுரிமை முன்வாசல் வழியே வந்து பின்வாசல் வழியே போயிற்று!

போன இடங்களைப் பாருங்கள். குஜராத்தில் 182 மீட்டர் உயரத்தில் எழுந்த பட்டேல் சிலைக்கு, ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக் கணக்கிலே தந்தது 146 கோடியே 83 இலட்சம். புதிதாக எழும் சிலை பாரம்பரியச் சொத்தாகாது, இச்செலவு இக்கணக்கில் அடங்காது என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே 2018-இல் சுட்டிக்காட்டியது. கொரோனா வந்தது. 2020 மார்ச் 28 அன்று, பிரதமரின் பெயர் தாங்கிய புதிய நிதிக்குத் தருவது சமூகப் பொறுப்பே என்றார்கள். ஏப்ரல் 10 அன்று, மாநில முதலமைச்சரின் நிவாரண நிதிக்குத் தருவது அப்படி ஆகாது என்றார்கள்! மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தரலாம் என்று ஒரு சன்னலை மட்டும் திறந்து வைத்தார்கள். படுக்கைக்கும் மருந்துக்கும் ஓடியவை மாநில மருத்துவமனைகள். கொடை போகும் பாதைக்குத் தில்லியிலே வாயிற்காவல்.

இதனால் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பணத்தால் எழுந்த வகுப்பறையிலே நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். பள்ளிக் கழிப்பறை வந்ததால் படிப்பை நிறுத்தாத பெண்கள் உண்டு. வருவதை வாங்கிக்கொள்ளுங்கள். அது சட்டப்படி வர வேண்டிய பணம். அதை வாங்க முதுகு வளைய வேண்டியதில்லை. வாங்கிய கையோடு, ஓடையின் நிறம் ஏன் மாறியது, ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி எங்கே நின்றது என்றும் கேளுங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பலகையிலே முன்னிலை வகித்தோர் பெயர்களில் நமது தோழர் ஒருவரின் பெயரும் இருந்தது. ஊரார் வாக்களித்து அனுப்பியவர். மாலையை வாங்கிக்கொண்டார், வடிகட்டியை மாற்றுவது யார் பொறுப்பு என்று கேட்க மறந்துவிட்டார். நாடகம் முடிந்ததும் அவரிடமே பேசினேன். முகம் சுண்டியது, ஆனால் கோபிக்கவில்லை. நிறுவனம் தன் பணிகளின் பட்டியலை இணையத்தளத்தில் வெளியிட்டாக வேண்டும் என்பது விதி. அதைத் தேடி எடுத்தோம். அவ்வூர்க் குடிநீர் நிலையம் பட்டியலில் இருந்தது; ‘பணி நிறைவு’ என்றிருந்தது.

அதை அச்செடுத்து அவர் கையிலே கொடுத்து வந்தேன். அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். திண்ணைப் பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கிணற்று நீரை ஒரு புட்டியிலும், நிலையத்துக் குழாய் நீரை - அன்றைக்கு வந்தால் - இன்னொரு புட்டியிலும் கொண்டுவருவாராம். தோழர் அவர் பக்கத்திலே அமர்வதாக வாக்களித்திருக்கிறார்.